இரண்டு நாள் கல்லூரி: தில்லிப் பல்கலைக்கழகமும் பெண்களின் வாரயிறுதியும்

தில்லிப் பல்கலைக்கழக மாணவரின் வாரயிறுதி என்றதும் மனத்தில் எழும் காட்சிகள் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டன. கமலா நகர்ச் சந்தை, ஹட்சன் லேன் உணவகங்கள், மஜ்னு கா டீலாவின் திபெத்தியக் கடைகள், விடுதி மாடியில் விடிய விடியப் பேச்சு, நாடகக் குழுவின் ஒத்திகை, திங்களன்று ஒப்படைக்க வேண்டிய கட்டுரை குறித்த கலக்கம். இந்தச் சித்திரம் பொய்யன்று. ஆனால் அது வாரம் முழுவதும் கல்லூரிக்குச் செல்ல வாய்த்தவர்களின் சித்திரம். அதே சனிக்கிழமைக் காலையில் விசுவவித்யாலயா மெட்ரோ நிலையத்தில் வந்திறங்கும் இன்னொரு கூட்டம் உண்டு. மற்ற நாள்களில் கடையிலோ அலுவலகத்திலோ தையற்கூடத்திலோ தம் வீட்டு அடுக்களையிலோ உழைத்துவிட்டு, வாரத்தில் ஒரு நாள் மட்டும் மாணவியராகும் பெண்கள் அவர்கள். கல்லூரி மாணவிக்கு வாரயிறுதி என்பது ஓய்வு என்றால், இவர்களுக்கு வாரயிறுதியே கல்லூரி.

இவர்களைச் சேர்த்துக்கொள்ளும் அமைப்பின் பெயர் நான்-காலேஜியேட் விமன்ஸ் எஜுகேஷன் போர்டு. தமிழில் 'கல்லூரி சாராப் பெண்கல்வி வாரியம்' எனலாம். 1944இல் தோன்றிய இவ்வமைப்பு எண்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. தில்லி ஒன்றியப் பகுதியில் வசிக்கும் பெண்கள் மட்டுமே இதில் சேரலாம். பாடத்திட்டம், தேர்வு, பட்டம் ஆகியவை பல்கலைக்கழகத்துடையவை. வகுப்புகள் சனி அல்லது ஞாயிறு அன்றும், கல்லூரிகள் விடுமுறையில் இருக்கும் காலத்திலும் நடைபெறுகின்றன. நகரெங்கும் உள்ள இருபத்தைந்துக்கும் மேற்பட்ட கல்லூரிக் கட்டடங்கள் அந்நாள்களில் வாரியத்தின் கற்பித்தல் மையங்களாகின்றன. தில்லிப் பல்கலைக்கழக வரலாறு பேசப்படும் இடங்களில் இவ்வாரியம் ஓர் அடிக்குறிப்பாகக்கூட வருவது அரிது. பெண்கல்வி வரலாறு என்றால் இந்திரப்பிரஸ்தா, மிராண்டா ஹவுஸ், லேடி ஸ்ரீராம் என்ற வரிசையே எழுதப்படுகிறது. கட்டடம் உள்ளவற்றுக்கே வரலாறு எழுதும் பழக்கம் நம்மிடையே வலுவானது.

வாரயிறுதி என்ற காலப்பகுப்பே இந்தியாவில் போராடிப் பெறப்பட்டது. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது 1890இல். அதற்காக உழைத்தவர் ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக இயக்கத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே. மறு ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையைச் சட்டத்தில் ஏற்றியது. எழுத்தர்களின் கதை வேறு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் வரலாறு கற்பித்த சுமித் சர்க்கார், காலனியக் கல்கத்தாவின் கீழ்நிலை எழுத்தர்களுக்குக் கடிகார நேரம் எத்தகைய அவமதிப்பாக இருந்தது என்பதை எழுதியிருக்கிறார். அரசு எழுத்தர்களின் நகரமாகிய தில்லியில் சனிக்கிழமை முழு விடுமுறையானது மிகவும் பிந்தியே. ஒன்றிய அரசின் நிருவாக அலுவலகங்களுக்கு ஐந்து நாள் வாரம் வந்தது 1985 ஜூனில்தான். ஆலைக்கும் அலுவலகத்துக்கும் வார விடுமுறை வந்த வரலாறு இவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது. அடுக்களைக்கு அது வந்ததாக எந்த அரசாணையும் இல்லை. வீட்டில் எல்லாரும் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையன்றுதான் அங்கே வேலை மிகுதி. இந்த ஒன்றை மனத்தில் கொண்டாலன்றி, ஞாயிறன்று நடக்கும் பெண்கள் வகுப்பின் பொருள் விளங்காது.

1922இல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதில் இருந்த கல்லூரிகள் மூன்று: செயின்ட் ஸ்டீபன்ஸ், இந்து, ராம்ஜஸ். அவற்றுள் எதுவும் பெண்களுக்கென அமைந்ததன்று. பெண்களுக்கான பாதை பழைய நகரின் சந்துகளிலிருந்து வந்தது. ஜும்மா மசூதிக்கு அருகிலுள்ள சிப்பிவாடாவில் 1904இல் பிரம்மஞான சபையினர் தொடங்கிய இந்திரப்பிரஸ்தா இந்துப் பெண்கள் பள்ளி, லியோனோரா கமைனர் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணியின் தலைமையில் வளர்ந்து, 1924இல் கல்லூரி வகுப்புகளைத் தொடங்கியது. திரையிட்ட வண்டியில் சிறுமியரை வீட்டு வாசலிலிருந்து அழைத்துவந்து திரும்பக் கொண்டு சேர்ப்பது அக்காலப் பெண்பள்ளிகளின் அடிப்படைப் பணியாக இருந்தது. ஆசிரியர் கிடைப்பதைவிட வண்டி கிடைப்பதே பெரிய இடர்ப்பாடு. 'பெண் எப்படிக் கல்லூரிக்கு வருவாள், எப்படித் திரும்புவாள்' என்ற வினா தில்லியின் பெண்கல்வியில் பாடத்திட்டத்துக்கு முந்தியது. இன்றுவரை அது முற்றாக விடை பெறவில்லை.

1938இல் துணைவேந்தர் பொறுப்பேற்ற சர் மாரிஸ் குவயர், கூட்டாட்சி நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி. இன்றைய வடவளாகத்தின் உருவமும், 1943இல் தொடங்கிய மூன்றாண்டுப் பட்டப்படிப்பும், 1948இன் மிராண்டா ஹவுசும் அவர் காலத்தவை. கல்லூரி சாராப் பெண்கல்வி வாரியமும் அவர் காலத்ததே. மிராண்டா ஹவுசுக்கு நான்கு ஆண்டு மூத்தது அது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. திருமணம், கோஷா, வீட்டுப்பொறுப்பு, பொருளாதாரம் ஆகிய காரணங்களால் நாள்தோறும் வகுப்புக்கு வர இயலாத பெண்ணுக்குப் பட்டம் பெறும் வழி ஒன்று வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இங்கே பெயரைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். 'கல்லூரி சாராத' என்ற எதிர்மறை அடைமொழி தில்லியில் புதிதாக ஆக்கப்பட்டதன்று. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 1868இல், கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்த இயலாத ஏழை மாணவரைக் கல்லூரியில் சேராமலேயே பல்கலைக்கழகத்தில் படிக்க அனுமதித்தது. பின்னர் அவர்களுக்கு வழங்கிய பெயர் இதுவே. குவயர் ஆக்ஸ்போர்டில் படித்தவர், அங்கே ஆல் சோல்ஸ் கல்லூரியின் ஆய்வுநராகவும் இருந்தவர். சொல் அவர் வழியாகவோ அவரையொத்தவர் வழியாகவோ வந்திருக்கலாம் என ஊகிக்க இடமுண்டு. ஆக்ஸ்போர்டில் இன்னொரு பிரிவும் இருந்தது. விடுதியில் தங்காமல், நகரிலுள்ள வீடுகளில் இருந்தபடியே விரிவுரைகளுக்கு வந்த பெண்கள் 'வீட்டு மாணவியர்' எனப்பட்டனர். 1879 முதல் இவ்வாறு படித்தவர்களின் சங்கம் 1952இல் செயின்ட் ஆன்ஸ் கல்லூரியாயிற்று. கல்லூரி சாரா ஆண்களின் அமைப்பு செயின்ட் கேத்தரின்ஸ் சங்கமாகி, 1962இல் செயின்ட் கேத்தரின்ஸ் கல்லூரியாயிற்று. அதாவது சொல் பிறந்த இடத்தில் அச்சொல்லுக்கு உரியவர்கள் கட்டடமும் நூலகமும் நிலையான ஆசிரியர்களும் பெற்று, எதிர்மறைப் பெயரைக் கழற்றி எறிந்துவிட்டனர். சொல் கடல் கடந்துவந்த இடத்தில் அது எண்பது ஆண்டுகளாக நிற்கிறது. வாரியத்துக்கு வடவளாகத்தின் டுட்டோரியல் கட்டடத்தில் அலுவலகம் உண்டு. தனக்கெனக் கல்லூரி இல்லை.

1947க்குப் பிறகு தில்லி வேறு நகரமாயிற்று. பஞ்சாபிலிருந்து வந்த அகதிக் குடும்பங்களில் இளைஞர்கள் பகலில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு படிப்பைத் தொடர வேண்டியிருந்தது. அவர்களுக்காகக் கிழக்குப் பஞ்சாபின் பல்கலைக்கழகம் தில்லியிலேயே 'கேம்ப் காலேஜ்' என்ற மாலைக் கல்லூரியை நடத்தியது. 1958இல் தில்லிப் பல்கலைக்கழகமும் தயாள் சிங், பி.ஜி.டி.ஏ.வி., தில்லி கல்லூரி முதலியவற்றில் மாலைக் கல்லூரிகளைத் தொடங்கியது. 1962இல் அஞ்சல்வழிக் கல்வியும் வந்தது; இந்தியப் பல்கலைக்கழகங்களுள் அதற்கு முன்னோடி தில்லிதான்.

இந்த மாலைக் கல்லூரிகளில் தில்லித் தமிழர்க்கும் பங்குண்டு. சிம்லாவுக்கும் தில்லிக்கும் இடையே அரசாங்கத்தோடு இடம்பெயர்ந்துகொண்டிருந்த சென்னை மாகாண எழுத்தர்களின் பிள்ளைகளுக்காக 1923இல் தோன்றிய மதராசிக் கல்விக் கழகமே இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம். பள்ளியிறுதி முடித்ததும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று வேலையில் அமர்ந்து, மாலையில் பட்டம் படிப்பது கரோல் பாக், இராமகிருஷ்ணபுரம் பகுதித் தமிழ் இளைஞர்க்கு இயல்பான வழியாயிற்று. தயாள் சிங் கல்லூரியில் சாலை இளந்திரையன் தமிழ் கற்பித்த காலமும் இதனை ஒட்டியதே. ஆனால் 'தில்லித் தமிழ் இளைஞர்' என்ற இச்சித்திரத்தில் நிற்பவன் பெரும்பாலும் ஆண். மாலைக் கல்லூரி ஆண் எழுத்தனின் நாளை அளந்து தைத்த சட்டை. அலுவலகம் ஐந்து மணிக்கு முடியும், வகுப்பு ஆறுக்குத் தொடங்கும், ஒன்பதுக்குப் பேருந்து. அந்த ஒன்பது மணிப் பேருந்துதான் பெண்களுக்குத் தடை. வேலைக்குச் சென்று மாலையில் படிக்கும் உரிமை ஏட்டளவில் இருபாலர்க்கும் பொதுவாக இருந்தபோதும், இருட்டு பொதுவாக இல்லை. பகலும் வேலைக்குப் போய்விட்டது, இரவும் தடையாகிவிட்டது எனும்போது வாரத்தில் எஞ்சியது இரண்டு பகல்கள்தாம். வாரியத்தின் வகுப்புகள் அந்த எச்சத்தில் நடக்கின்றன.

எச்சத்தில் நடக்கும் கல்விக்கு அதற்கே உரிய இயல்புகள் உண்டு. வழக்கமான மாணவி ஐந்து நாள்களில் கேட்கும் பாடத்தை இவர்கள் ஒரே நாளில் அடுத்தடுத்துக் கேட்கிறார்கள். காலையில் அரசியல் அறிவியல், பிறகு வரலாறு, பிறகு இந்தி, பிறகு சுற்றுச்சூழல் கல்வி. ஒரு பாடத்தில் எழுந்த ஐயத்தைக் கேட்க அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டும். கற்பிப்பவர்கள் பெரும்பாலும் மணிக்கணக்கில் ஊதியம் பெறும் விருந்து விரிவுரையாளர்கள். அவர்களில் பலர் முனைவர் பட்ட ஆய்வாளர்கள். வாரநாள்களில் நூலகத்தில் இருந்துவிட்டு, வாரயிறுதியில் வாடகைக்காகக் கற்பிக்க வருபவர்கள். ஆசிரியருக்கும் மாணவிக்கும் வாரயிறுதி இல்லாத வகுப்பறை அது. பட்டப்படிப்பு கலையிலும் வணிகவியலிலும் மட்டுமே உண்டு. அறிவியல் இல்லை, ஆய்வகம் திங்கள் முதல் வெள்ளிவரை வருபவர்களுக்கே உரியது. இயற்பியல் படிக்க விரும்பிய ஒரு பெண், வாரநாள்களில் வேலைக்குச் செல்ல வேண்டியவளாக இருந்தால், அந்த விருப்பத்தைப் பன்னிரண்டாம் வகுப்போடு முடித்துக்கொள்கிறாள். இது யாரும் திட்டமிட்டுச் செய்த விலக்கன்று. கால அட்டவணை தானாகவே செய்துவிடும் விலக்கு.

கல்லூரி விழாக்களையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். இந்துக் கல்லூரியின் 'மக்கா', ஸ்ரீராம் வணிகக் கல்லூரியின் 'கிராஸ்ரோட்ஸ்', கார்கி கல்லூரியின் 'ரெவரி' போன்றவை நகரெங்கும் பெயர் பெற்றவை. இவற்றுள் சில அண்மை ஆண்டுகளில் துயரமான காரணங்களால் செய்தியாயின. 2020 பிப்ரவரி 6 அன்று கார்கி கல்லூரி விழாவில் வெளியாட்கள் திரளாகப் புகுந்து மாணவியரிடம் அத்துமீறினர். 2022 அக்டோபர் 14 அன்று மிராண்டா ஹவுஸ் தீபாவளி விழாவில் ஆண்கள் சுவரேறிக் குதித்தனர். 2023 மார்ச் 28 அன்று இந்திரப்பிரஸ்தா மகளிர் கல்லூரியிலும் அதே நிகழ்ந்தது. மூன்று நாள்களையும் நாட்காட்டியில் பார்த்தால் முறையே வியாழன், வெள்ளி, செவ்வாய். பெயர்பெற்ற விழாக்கள் வாரநாள்களிலேயே நடந்திருக்கின்றன. சனி ஞாயிறுகளில் வரும் மாணவி காண்பது, கழற்றப்படும் பந்தலையும் சுவரில் பாதி கிழிந்த சுவரொட்டியையுந்தான். வாரிய மையங்கள் தமக்கென நிகழ்ச்சிகள் நடத்துவதுண்டு. மாணவியர் அவற்றில் ஆர்வத்தோடு பங்கு பெறுவதும் உண்டு. ஆயினும் ஒரே கட்டடத்தில் இரு கல்லூரிகள் ஒன்றையொன்று பாராமல் இயங்குகின்றன. ஒரே மேசையில் வெள்ளியன்று ஒருத்தியும் ஞாயிறன்று இன்னொருத்தியும் அமர்கிறார்கள். மேசையில் கீறிய பெயர்களைத் தவிர அவர்களுக்கிடையே அறிமுகம் இல்லை.

அந்த அத்துமீறல்களுக்குப் பின் எழுந்த விவாதங்கள் பெரும்பாலும் காவல், அனுமதிச்சீட்டு, கண்காணிப்புக் கருவி ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தன. மாணவியர் இயக்கங்கள் நெடுநாளாக வேறொன்றைச் சொல்லி வந்தன. 2015இல் ஜாமியா மிலியா இஸ்லாமியாவின் பெண்கள் விடுதியில், முன் அனுமதியுடன் தாமதமாகத் திரும்பும் வழக்கம் நீக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு 'பிஞ்ஜ்ரா தோட்', அதாவது 'கூண்டை உடை' என்ற இயக்கமாகப் பல கல்லூரிகளுக்குப் பரவியது. காப்பு என்ற பெயரில் வயதுவந்த பெண்ணின் நேரத்தைப் பூட்டுவது கல்விக்கான உரிமையைக் குறைப்பதாகும் என்பது அதன் வாதம். நூலகம் இரவு திறந்திருந்து, விடுதிக் கதவு மாலையிலேயே அடைபடுமானால், அந்நூலகம் யாருக்கானது என்ற அவர்களின் வினாவுக்கு நேரான விடை கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஆனால் விடுதியின் விதி எழுத்தில் இருப்பது. அதை எதிர்த்து மனு எழுதலாம், வாயிலில் அமரலாம். வீட்டிலிருந்து வரும் மாணவியின் விதி எழுதப்படாதது. 'வகுப்பு எத்தனை மணிக்கு முடியும்' என்று தந்தையோ தமையனோ மாமியாரோ கேட்கும் ஒற்றைக் கேள்வியில் அது அடங்கிவிடுகிறது. பொருளியலாளர் கிரிஜா போர்கர் தில்லிப் பல்கலைக்கழக மாணவ மாணவியரை வைத்து நடத்திய ஆய்வு, பாதுகாப்பான பயண வழிக்காகப் பெண்கள் தரத்தில் தாழ்ந்த கல்லூரியைத் தேர்ந்தெடுக்க ஆயத்தமாக உள்ளனர் என்பதையும், ஆண்களிடம் அத்தகைய விட்டுக்கொடுப்பு மிகக் குறைவு என்பதையும் காட்டியது. சிப்பிவாடாவின் திரையிட்ட வண்டி நூற்றாண்டைக் கடந்தும் உருமாறி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. துயரக் கணக்கில் மட்டும் வாரியத்தின் வரலாற்றை அடக்கிவிட முடியாது. மும்பையை ஆய்ந்த ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகியோர் 2011இல் வெளியிட்ட 'வை லாய்ட்டர்?' என்ற நூல், பொதுவெளியில் நிற்கும் பெண் தான் ஒரு காரியத்துக்காக வந்திருப்பதை எப்போதும் நிறுவிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்று வாதிட்டது. ஞாயிற்று வகுப்பு அப்படிப்பட்ட ஒரு காரியம். எவரும் எளிதில் மறுக்க முடியாத காரியம். தோழியைப் பார்க்கப் போகிறேன் என்றால் எழும் வினாக்கள், வகுப்புக்குப் போகிறேன் என்றால் எழுவதில்லை. வகுப்பு முடிந்து மெட்ரோ நிலையம்வரை நடக்கும் நேரத்தில்தான் மோமோ தின்பதும், கமலா நகரில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புவதும், ஒருத்தி தன் அலுவலக மேலாளரைப் போல நடித்துக்காட்ட மற்றவர்கள் சிரிப்பதும் நடக்கின்றன. அந்த அரைமணி நேரம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. வேலையும் படிப்பும் நட்பும் வளாகமும் ஒரே பகலில் நெருக்கியடித்துக்கொள்ளும் இந்த வாரயிறுதிக்காகவே வாரத்தின் மற்ற ஆறு நாள்களையும் பொறுத்துக்கொள்பவர்கள் அங்கே உண்டு. பட்டம் பெறுவதற்கான வழியாகத் திட்டமிடப்பட்ட வாரியம், திட்டமிடாமல் தந்த பெரிய கொடை இதுவே எனலாம்.

கொடைக்கும் பயணச்செலவு உண்டு. 2004 டிசம்பரில் மெட்ரோ வடவளாகத்தை எட்டியதும், 2019 அக்டோபர் இறுதியில் தில்லி அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டதும் இவ்வரலாற்றில் பாடத்திட்ட மாற்றங்களைவிட முதன்மையானவை. நகரம் எதிர்த்திசையிலும் நகர்கிறது. ஜங்புராவை ஒட்டிப் பாராபுல்லா வடிகாலோரம் இருந்த, தமிழர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த மதராசி கேம்ப், நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகளில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை எனக் கொள்ளப்பட்டன. அவ்வீடுகள் நகரின் வடகோடியான நரேலாவில் உள்ளன. அக்குடும்பங்களின் பெண்கள் வீட்டுவேலை செய்துவந்த தெருக்கள் தெற்கே இருக்க, உறைவிடம் வடக்கே போய்விட்டது. இடையிலுள்ள மணிநேரங்கள் ஒரு பெண்ணின் வாரத்தில் எங்கிருந்து எடுக்கப்படும் என்பது கடினமான கணக்கன்று. முதலில் குறைவது அவளுடைய சொந்த நாளே.

2022 முதல் தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளின் இளநிலைச் சேர்க்கை, 'கியூட்' எனப்படும் பொது நுழைவுத்தேர்வு வழியே நடைபெறுகிறது. அதற்கான பயிற்சி நிலையங்கள் முகர்ஜி நகரிலும் லட்சுமி நகரிலும் பெருகின. கல்லூரி சாராப் பெண்கல்வி வாரியம் மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைக் கொண்டே சேர்க்கைப் பட்டியலை வெளியிட்டு வருகிறது. பயிற்சிக் கட்டணம் கட்ட இயலாத, தேர்வுக்கு விடுப்பெடுக்க இயலாத, அல்லது அப்படி ஒரு தேர்வு இருப்பதைக் காலங்கடந்து அறிந்த பெண்களுக்கும் திறந்திருக்கும் சில கதவுகளுள் இது ஒன்று. சேர்க்கைக் காலத்தில் பட்டியல் வந்த நாளன்று டுட்டோரியல் கட்டடத்தின் முன் வரிசை நீள்கிறது. சான்றிதழ்க் கோப்பைக் கையில் பிடித்தபடி நிற்பவர்களில் பலர் தாயோடு வந்திருக்கிறார்கள், சிலர் மகளோடு.